நாலாவது பேர்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. ச. 8.4.

ச. என்றால் சர்க்கரை. கிளினிக் தாதி கொடுத்த நோட்டு இது. தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து எண்ணை மட்டும் எழுதச் சொன்னாள். எண்ணுக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. என் எழுத்தை யாராலும் படிக்கவும் முடியாது. தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் வேலையை விட்ட பிறகு பேப்பரைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

செய்ய வேண்டியது: கேஸ் தோம்பு காலி, புது சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். ஒழுகும் இடத்தில் வாளி. கண் மருந்து. குணாவுக்குப் பதில்.

கடைசி வேலைதான் பெரிது.

குணா என் மகன். நாற்பத்து மூன்று வயது. வீடு கெலாங் பாத்தாவில், வேலை சிங்கப்பூரில். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கிறான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று பேரோடு சேர்ந்து கிட்டார் அடிக்கிறான். நேற்று வந்து ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தான். அவர்கள் பாட்டு. இந்தக் காலத்தில் கேசட்டா என்றேன். "இப்ப அதத்தான்ப்பா வாங்குறாங்க" என்றான். சிரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்:

"ஏ பக்கத்துல நாலு பாட்டு. பி பக்கம் பூரா ஒரே பாட்டு. அதுல அம்மா பேசுறாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா பி பக்கத்த எடுத்துர்றோம். அடுத்த திங்கக்கிழமை பேக்டரிக்கு அனுப்பணும். ஞாயிறுக்குள்ள சொன்னா போதும்."

"அம்மா என்னா பேசுறா?"

"கேளுங்கப்பா."

அவன் அம்மா அஞ்சலை போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது.

கேசட்டின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: நாலாவது பேர். முழு கேசட்டுக்கும் அதுதான் பெயராம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலாவது பேர் யார் என்று எனக்குத் தெரியும்.

இருபத்தைந்து வயதில் நான் ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி, ஆனேன். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மற்ற தோட்டங்களில் கிராணி என்கிற கணக்குப்பிள்ளை புத்தகம் பார்த்துக் கூப்பிடுவார். எங்கள் தோட்டத்தில் நான் மனத்திலிருந்தே கூப்பிட்டேன். எண்பத்து நாலு பேர். ஒரு நாளும் ஒரு பேர் தவறியதில்லை. அதைக் குணாவிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கிராணி பக்கத்தில் நின்று கோடு மட்டும் போடுவார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் வாசல் வரிசைதான் பேர் வரிசை. மாரிமுத்து, அவன் பெண்சாதி சரசு, கறுப்பாயி, அப்புறம் அஞ்சலை. என் பெண்சாதி. வீட்டில் அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பேன், "ஏய்" என்பேன். அவள் பேர் என் வாயில் வந்தது பெரட்டில் மட்டும்தான். அவள் "வந்தேன்" என்பாள். அடுத்த பேர்.

எங்களுக்கு குணாவுக்கு முன்னால் ஒரு பெண். மல்லிகா. ஒன்றரை வயது. ஒரு திங்கட்கிழமை, தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் அவளுக்கு ஜன்னி கண்டது. லாரியில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். அதற்கு ஐம்பது வருஷமாக நான் சொல்லி வருவது ஒன்றுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை பெரட்டில் நின்றாள், நான் பேர் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

அந்த நாளைப் பற்றி அஞ்சலை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குணாவிடம் பேசியிருக்கிறாள் போல.

ஏ பக்கத்தில் முதல் பாட்டு மட்டும் போட்டேன். ஆரம்பமே இல்லை. நடுவிலிருந்து தொடங்குகிறது. மறுநடவுக்காகப் பால்மரங்களைச் சாய்த்தபோது நாலு சங்கிலி ரம்பம் ஒன்றாக ஓடுமே, அப்படி. அதற்குள் குணாவின் குரல், எங்கேயோ தோம்புக்குள்ளிருந்து. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நிறுத்திய பிறகு வீடு ரொம்ப அமைதி. மழை விட்டதுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். ச. 9.1. தீபாவளி முறுக்கு டின்னில் இன்னும் அடி இருக்கிறது. அதுதான் காரணம்.

முதல் பாட்டை மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து:

"என்னா மண்டோரண்ணே, வீட்டுக்குள்ள மரம் அறுக்கிறீங்களா?"

"குணாவோட பாட்டு."

"அலாமாக்! இதுக்குத்தான் தம்பி கல்யாணம் வேணாம்னு உக்காந்திருக்கா? நல்லவேள, பொண்ணு எவளும் மாட்டல."

பாக்கியமும் அதே தோட்டம்தான். லயத்தில் பதினோராவது வாசல், பெரட்டில் இருபத்தொன்றாவது பேர். தோட்டத்தை விற்று எல்லோரையும் சிம்பாங் ரெங்கத்தில் இந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பியபோது பக்கத்துப் பக்கத்தில் விழுந்தோம். எழுபத்திரண்டு வயதிலும் நாக்கு மட்டும் தேயவில்லை.

இரண்டாவது பாட்டு: சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார்கள் நிற்கும் பாட்டு. தமிழும் மலாயும் கலந்து. இது புரிந்தது. ஹெல்மெட்டுக்குள் மழைத்தண்ணி இறங்குவதைச் சொல்கிறான். முன்னால் நிற்பவனின் முதுகைத் தினமும் பார்க்கிறானாம், முகத்தைப் பார்த்ததே இல்லையாம். நன்றாக இருந்தது. மூன்று நிமிஷத்தில் சட்டென்று அறுந்தது. முடிக்கத் தெரியவில்லையா, முடிக்க வேண்டாம் என்று விட்டார்களா.

மூன்றாவது: ஒரு பெண் குரல், சீனப் பிள்ளை, இங்கிலீஷ். மேளம் இல்லை. ஒரு கிட்டார் மட்டும், அதுவும் ஒரு நரம்பு சுதி இறங்கி. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். பல் ஆடுவதை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது மாதிரி, காது அங்கேயே போகிறது.

பி பக்கம் போடவில்லை. கேசட்டைத் திருப்பினேன், திரும்பவும் திருப்பி வைத்தேன்.

குணாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அவன் காரணம் கேட்க மாட்டான். கேட்காமலே போய்விடுவானே என்பதுதான் கஷ்டம்.

நவம்பர் 5, புதன்

மேகம். ச. 8.8. கிளினிக்.

தாதி: "அங்கிள், ராத்திரிக்கு சோறு கொறைங்கலா. எத்தன தடவ சொல்றது?"

"கொறைச்சிட்டேன்."

"நோட்டு பொய் சொல்லாது அங்கிள்."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். எண்களை மட்டும் பார்த்தாள். மற்ற வரிகளைப் பார்த்து, "என்னா இது, கதையா?" என்றாள். மளிகைச் சாமான் என்றேன்.

திரும்பும்போது கடையில் தேஓ கோசோங், பால் சர்க்கரை இல்லாத தேத்தண்ணி. வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு பேர்: "அவன் வீட்டு மாட்டத் திருடினவன் அவன் மச்சான்தான்லா." "யாரு சொன்னா?" "மாடே சொல்லும், அந்த மூஞ்சியப் பாத்தா." கேட்டுச் சிரித்துவிட்டேன். இன்று சிரித்தது அது ஒரு தடவைதான்.

நாலாவது பாட்டைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. மேளக்காரன் ஒரு வேகம், கிட்டார் வேறு வேகம். சண்டை போட்ட புருஷன் பெண்சாதி ஒரே ரோட்டில் தள்ளித் தள்ளி நடப்பது போல. இதைக்கூடச் சரியாக அடிக்கத் தெரியாமல் கேசட் போடுகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு சுற்றுக்கு ஒரு தடவை இரண்டும் ஒரே அடியில் சேருகின்றன. ஒரே ஓர் அடி. உடனே பிரிந்துவிடுகின்றன. அடுத்த ஏழு வரை காத்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு அந்த அடிக்காகவே கேட்டேன். ஆறாவது சுற்றிலேயே நெஞ்சு தயாராகிவிடுகிறது.

இப்படியெல்லாம் யோசித்துச் செய்கிறவன் பி பக்கத்தில் என்ன செய்து வைத்திருப்பான்.

கேஸ் தோம்பு வந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை, இடி. ச. குத்திப் பார்க்கவில்லை.

காலை எட்டரைக்கு பி பக்கம் போட்டேன். எட்டு மணியிலிருந்து கேசட் ரேடியோ முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் படக், படக் என்று ஒரு சத்தம். கூரையில் சொட்டுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். இல்லை. அஞ்சலை நெத்திலி தலை கிள்ளுகிறாள். பேப்பர் விரித்துத் தரையில் உட்கார்ந்து. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சுவது. அப்புறம் ஒரு கிட்டார், ஒரே சுரம், லாரியை அணைக்காமல் நிறுத்திவிட்டு டிரைவர் எங்கோ போய்விட்ட மாதிரி. கடைசி வரை அந்தச் சுரம் மாறவில்லை.

அவள் பேசினாள். அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் தவறாது.

"அன்னைக்கு காலைல பிள்ளைக்கு ஒடம்பு சுட்டுச்சு. இன்னைக்கு நின்னுக்கிறேன்னு சொல்லலாம்னுதான் தூக்கிட்டுப் போனேன். பெரட்டுல பேரு கூப்பிட்டாரு. மூணு பேரு ஆச்சு, என் பேரு. நான் சும்மா நின்னேன். வாய் வரல. ரெண்டாந்தடவ கூப்பிட்டாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வந்தேன்னு சொல்லிட்டேன்."

படக். படக்.

குணாவின் குரல், தூரத்தில்: "அப்பாகிட்ட சொல்லலியா?"

"எங்க சொல்றது? அவரு நாலரைக்கே பெரட்டு மணி அடிக்கப் போய்ட்டாரு. பிள்ளயப் பாக்கல. அவருக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாரு. ஒங்கப்பா வாய்தான் கெட்டது, அப்படிப்பட்ட ஆளு இல்ல."

இங்கே நிறுத்தினேன். எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். பாதிதான் நிறைந்திருந்தது. மறுபடி வந்து போட்டேன். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினேன்.

மூன்றாம் தடவை முழுக்கக் கேட்டேன். அவள் பேச்சு அதோடு சரி. அதன் பிறகு அவள் சொன்ன "வந்தேன்" என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறான். வந்தேன். கொஞ்சம் இடம். வந்தேன். கொஞ்சம் இடம். கிட்டார்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. சத்தம் கூடக் கூட அவள் குரல் உள்ளே உள்ளே போகிறது. அந்த இடைவெளி எதற்கு என்று எனக்கு முதலில் தெரியவில்லை. வாய் தானாக முணுமுணுத்தது. மாரிமுத்து. வந்தேன். சரசு. வந்தேன். கறுப்பாயி. வந்தேன்.

பெரட்டு. எல்லோருக்கும் அவள் ஒருத்தியே பதில் சொல்கிறாள்.

நான் கூப்பிட்டேன். நிறுத்த முடியவில்லை. அவன் விட்டிருக்கும் இடம் சரியாக ஒரு பேர் சொல்லும் நேரம். இருபத்தெட்டில் பெரியசாமி, நாற்பதில் நொண்டி வீரன், அறுபத்து மூன்றில் கேரளாக்காரர் குஞ்ஞன். ஒருவர் முகமும் மறக்கவில்லை. எண்பத்து நாலாவது பேருக்கு அவள் பதில் சொன்னதும் எல்லாம் நின்றது. கிட்டார் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ரீங்காரம்.

சொக்கலிங்கம் என்ற எண்பத்து நாலாவது பேரைச் சொல்லி முப்பத்தேழு வருஷம் ஆகிறது.

மத்தியானம் சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ச. 6.2. சாப்பிடாததால் நல்ல எண். தாதி சந்தோஷப்படுவாள்.

நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள் என்றுதான் நாலு நாளாகப் பயந்தேன். அவள் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நான் ஐம்பது வருஷம் சொன்னதையே அவளும் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னது பொய். அவள் அதை நம்பியிருக்கிறாள்.

இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். மணி அடிக்கப் போவதற்கு முன்னால், அஞ்சலை தூங்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். தினமும் தொட்டுவிட்டுத்தான் போவேன். அன்று சுட்டது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியாது. போய் மணி அடித்தேன்.

அதற்கு முந்தின வாரம் பாக்கியம் பெரட்டில் வந்து நின்றாள். அவள் மகன் முருகனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் நின்றுகொள்கிறேன் என்றாள். துரை ஆள் குறைகிறது என்று திட்டிக்கொண்டிருந்த மாதம். எண்பத்து மூன்று பேர் முன்னால் நான் சொன்னேன்: "பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆயாக்கொட்டகை எதுக்கு இருக்கு? வாளியத் தூக்கு." அவள் போனாள். முருகன் பிழைத்துக்கொண்டான். இன்று குளுவாங்கில் லாரி ஓட்டுகிறான்.

அடுத்த திங்கள் அதே காய்ச்சல் என் வாசலில். மண்டோர் பெண்சாதிக்கு மட்டும் லீவா என்று பாக்கியம் கேட்பாள், எல்லோரும் கேட்பார்கள். அஞ்சலை வாய் திறக்காமல் நின்றபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் துண்டு சுற்றிக் கிடந்த பிள்ளையையும் பார்க்கவில்லை. கிராணியின் பென்சிலைப் பார்த்தேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டுமே.

நியாயமாக நடந்துகொண்டேன் என்று அன்று மத்தியானம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பி பக்கம் வெளியே போனால் முன்னே பின்னே தெரியாதவர்களெல்லாம் கேட்பார்கள். பாவம் அந்தக் கிழவன், அவனுக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு வசதிதான். வேண்டாம் என்று சொன்னால் அவள் குரல் போய்விடும். போடு என்று சொன்னால் என் பொய்யை அவள் வாயால் விற்கிறேன்.

குணாவுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வா என்றேன்.

"வேணுமா வேணாமா, அத மட்டும் போன்ல சொல்லிருங்கப்பா."

"வா."

நவம்பர் 8, சனி

வெயில். ச. 7.9.

பதினோரு மணிக்குக் காரில் வந்தான். மேளக்காரனும் கூட. ஹஃபிஸ் என்று ஒரு மலாய்க்காரன், பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தான், ஆனால் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். என்னைப் பாக்சிக், பாக்சிக் என்று மலாயில் மாமா முறை வைத்துக் கூப்பிட்டான். வாசலில் செருப்பை வரிசையாக வைத்தான், குணாவினுடையதையும் சேர்த்து.

வேறு எதுவும் பேச வராமல் நாலாவது பாட்டைப் பற்றிக் கேட்டேன். ஏழு சுற்றுக்கு ஒரு தடவை சேருகிறதே, அது வேண்டுமென்றா என்று. மலாயில் அவனிடம் கேட்டேன். அவன் குணாவைப் பார்த்தான்.

"உங்கப்பா எண்ணியிருக்காரு!" என்று மலாயில் கத்தினான். "பாக்சிக், எங்கள் ரெக்கார்டிங் ஆளுக்கே அது தெரியாது. தப்பாக அடிக்கிறேன் என்று இரண்டு தடவை நிறுத்தினான்."

"நானும் தப்புன்னுதான் நெனச்சேன்" என்றேன். அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். குணா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹஃபிஸுக்கு முன்னாலேயே சொன்னேன். தமிழில் சொன்னதால் அவனுக்குப் புரியவில்லை. முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா சொன்னது சரியில்ல. எனக்குத் தெரியும். நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போனேன்."

குணா என் கையைப் பார்த்தான். "தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

எழுந்து வெளியே போய் ரோட்டில் நின்றான். கார்க் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஹஃபிஸ் முறுக்கை வைத்துவிட்டு, சரிதானே பாக்சிக் என்று மெதுவாகக் கேட்டான். சரி என்றேன்.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

"ஏம்ப்பா, இத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வருசம் முன்னால இருந்தாங்க. அதுக்கு முன்னால நாப்பத்தெட்டு வருசம் இருந்தாங்க. ஒரே வீட்ல."

முறுக்கு டின்னை மூடி வைத்தேன்.

"நான் பேசுறேன். அதயும் ரெக்கார்ட் பண்ணி சேத்துரு" என்றேன். "அம்மா பேசினதுக்குப் பின்னால நான் சொல்றேன்."

"முடியாது."

"ஏன்?"

"அம்மா சொன்னது அம்மாவோடது. நெத்திலி கிள்ளிக்கிட்டு நல்லா நெனச்சுதான் சொன்னாங்க. அதுல போய் நீங்க நின்னு இல்லன்னு சொல்றதுக்கா நான் இத செஞ்சேன்? அங்கயும் பேரு கூப்பிடணுமா ஒங்களுக்கு?"

இந்த மாதிரி அவன் என்னிடம் பேசியதே இல்லை. ஹஃபிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஷை தெரியாவிட்டாலும் இது தெரியும்.

"வேணாம்னு சொல்லுங்க, எடுத்துர்றேன். போடுன்னா போடுறேன். ரெண்டுல ஒண்ணு. மாத்த மாட்டேன்."

"போடு" என்றேன்.

"நெசமாவா? கேக்குறவங்க நீங்க நல்லவருன்னு நெனப்பாங்க."

"தெரியும். போடு."

மீன் குழம்பு வைத்திருந்தேன். குணா சாப்பிடாமல் கிளம்பினான். ஹஃபிஸ் எழுந்திருக்கத் தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான், பிறகு நின்றபடியே ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு ஓடினான். கார் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது, அதன் பிறகுதான் போனது.

நவம்பர் 9, ஞாயிறு

தூறல். ச. 8.0.

கோயிலுக்குப் போகவில்லை. நாளைக்கு கேசட் பேக்டரிக்குப் போகிறது. எத்தனை போடுகிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் கேசட்டை எவன் எந்த ஊரில் வாங்கிக் கேட்பானோ, அவனிடம் போய் நான் சொல்ல முடியாது. இந்தத் தாமானில் சொல்ல முடியும். சொல்ல வேண்டிய ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாக்கியம், இங்க வந்துட்டுப் போ."

"என்னாண்ணே, மறுபடி மரம் அறுக்கவா?"

"அஞ்சலை பேசுறா. கேசட்ல."

துணியோடு வந்தாள். உட்கார வைத்து பி பக்கம் போட்டேன். நெத்திலிச் சத்தத்திலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்காதான், அக்காதான்" என்றாள். பேச்சு வந்ததும் மடியில் இருந்த துணியை இறுக்கிக்கொண்டாள். அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல என்ற இடத்தில் தலையாட்டினாள். பேர் வரிசை தொடங்கியது. இருபத்தொன்றாவது இடத்தில் நான் வாய் திறக்காமலே அவள் நிமிர்ந்தாள். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முடிந்ததும் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டாண்ணே? மனசுக்குள்ள ஒங்கள நான் ஏசாத நாளில்ல. என் புள்ளைக்கு லீவு குடுக்கல, தன் புள்ளைக்கும் குடுக்கல, இவரு மனுசனான்னு. இப்ப அக்கா வாயால கேட்டப்பறம்தான் மனசு ஆறுது. பாவம், ஒங்களுக்குத்தான் தெரியாதே."

"தெரியும், பாக்கியம்."

"என்னா தெரியும்?"

"புள்ளைக்குச் சூடுன்னு. மணி அடிக்கப் போறப்பவே தொட்டுப் பாத்தேன். அஞ்சலைக்கு நான் சொல்லல. மொத வாரம் ஒனக்கு எல்லார் முன்னாலயும் முடியாதுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் அவளுக்குக் குடுத்தா நீ கேப்பன்னு நெனச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். காறித் துப்பிவிட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

"அப்ப என்னாலயாண்ணே?" என்றாள்.

அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது வருஷத்தில் ஒரு தடவைகூட.

"இல்ல. என்னால."

அதையே திரும்பவும் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. துணியை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தேன். தண்ணீர் கொதித்து அடுப்பையும் அணைத்தாயிற்று. அவள் போகவில்லை. கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே நின்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி கூடத்துக்குப் போக வேண்டும்.